நேரோபோட் ஓட்டப் பழக: வாடகைப் படகா, பயிற்சி வகுப்பா?

இங்கிலாந்துக் கால்வாய்களில் படகுக்குத்தான் உரிமம் வேண்டும், ஓட்டுபவருக்கு வேண்டாம். அதனால் நேற்று வரை கார் மட்டுமே ஓட்டியவர், இன்று காசைக் கட்டிவிட்டு நேரோபோட் எனும் 57 அடி நீள, ஒடுங்கிய எஃகுப் படகில் கிளம்பிவிடலாம். அகலம் 7 அடிகூட இல்லை, எடையோ பல டன், பிரேக் கிடையாது. இதை எங்கே பழகுவது?

வாடகைப் படகு என்றால், நிறுவனத்து ஆள் ஏறி எஞ்சினைக் காட்டுவார், கொஞ்ச தூரம் கூடவே வருவார், அப்புறம் இறங்கிக் கையசைத்துவிடுவார். தனிக் கட்டணம் இல்லை, குடும்பமே சேர்ந்து பழகலாம். ஆனால் அந்தச் சிறிது நேரத்தில் படகு நேராகப் போகும்போது என்ன செய்வது என்பதுதான் பிடிபடும். சிக்கலே நிறுத்தும்போதும் திருப்பும்போதும்தான்.

சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். இது அரைமணியில் கைக்கு வந்துவிடும். படகு நடுவை மையமாக வைத்துத் திரும்புவதால் பின்பக்கம் எதிர்த்திசையில் வீசிக்கொண்டு போகும், அது பழகத்தான் நாளாகும். அதைவிட மோசம், எதிரே படகு வந்ததும் பயத்தில் எஞ்சின் வேகத்தை அடியோடு குறைப்பது. சுக்கானில் தண்ணீர் பாய்ந்தால்தான் படகு சொல்பேச்சு கேட்கும். குறைத்த நொடியே அது காற்றின் வசம். பின்னோக்கிப் போகும்போது சுக்கான் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

இங்கேதான் பிரிட்டனின் படகோட்ட அமைப்பான ஆர்.ஒய்.ஏ.வின் உள்நாட்டு நீர்வழிப் பயிற்சி முந்துகிறது. ஒன்று அல்லது இரண்டு நாள். பின்னோக்கி ஓட்டுவது, காற்றில் கரை சேர்வது, தண்ணீரில் விழுந்தவரைத் தூக்குவது எல்லாம் பக்கத்தில் ஆளிருக்கும்போதே தப்பாகச் செய்து பார்க்கலாம். நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டியான லாக்கில் இறங்கும்போது மேல்கதவுக்கு அடியிலுள்ள கல்திட்டில் பின்பக்கம் மாட்டினால் படகு தொங்கி மூழ்கும். வாடகைக்காரரும் இதை எச்சரிப்பார்தான், ஆனால் தண்ணீர் வடியும்போது உங்களோடு நிற்பவர் பயிற்றுநர்தான். இன்னொன்று: கணவர் டில்லரோடு ஜம்மென்று நிற்க, மனைவி லாக் கதவை முதுகால் தள்ளும் காட்சி கால்வாயில் சகஜம். வகுப்பில் இருவரும் மாறி மாறிச் செய்தாக வேண்டும்.

உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் நடத்தும் சமூகப் படகுகளில் தன்னார்வலராகச் சேர்ந்தும் பழகலாம். செலவு குறைவு, பொறுமை வேண்டும்.

கால்வாயா, ஆறா? தேம்ஸில் இடம் தாராளம், லாக்குகளைப் பெரும்பாலும் அங்குள்ள லாக் பணியாளரே இயக்குவார். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அங்கே நீரோட்டம் உண்டு: நங்கூரம் வேண்டும், கரை சேர நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்ப வேண்டும், நீரோட்டம் பலமாக இருப்பதைக் காட்டும் சிவப்புப் பலகை லாக்கில் தெரிந்தால் படகைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் கால்வாய்தான்.

ஒரு வார விடுமுறை மட்டும் என்றால் வாடகையே போதும். ஆஷ்பி கால்வாயில் 22 மைல் லாக்கே இல்லாமல் போகலாம். சொந்தப் படகு வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் வகுப்பு, அதுவும் காற்றடிக்கும் நவம்பரில். படகு வாங்கிவிட்டீர்களா? சரி, உங்கள் படகிலேயே வந்து கற்றுத்தரும் பயிற்றுநரைத் தேடுங்கள்.