எனேபிள்_இஃப்பா, கான்செப்ட்டா?

போன மாதம் எங்கள் சி++ நூலகத்தில் எனேபிள்_இஃப் இருந்த இடங்களையெல்லாம் கான்செப்ட்டுக்கு மாற்றினேன். டெம்ப்ளேட், அதாவது பல டைப்புக்கும் (தரவு வகைக்கும்) பொதுவாக எழுதும் நிரல், எந்த டைப்பை ஏற்கலாம் என்று கட்டுப்படுத்தும் இரண்டு வழிகள் இவை. கட்டணத்தைக் காசுக்கணக்கில், முழு எண்ணாக வைத்துக் கூட்டும் நிரல் அது. ஒரு வெள்ளி அறுபது காசு என்றால் 160. டபுள் எனும் தசம எண் வகை உள்ளே நுழைந்தால் கணக்கு உதைக்கும். அதைக் கம்பைல் ஆகும்போதே தடுக்க வேண்டும்.

எனேபிள்_இஃப் சி++11இல் வந்தது, பழைய கம்பைலரிலும் ஓடும். கான்செப்ட்டுக்கு சி++20 வேண்டும். சி++17இன் இஃப் கான்ஸ்ட்எக்ஸ்பர், ஃபங்ஷனுக்குள் கிளை பிரிக்க அருமை; வாசலிலேயே ஆளை மறிக்க அது ஆகாது.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்புதான். தேசிய சேவை முடித்து வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருநாள் டபுளை அனுப்பிவிட்டான். திரை நிறையப் பிழைச்செய்தி. அதன் நடுவில், எனேபிள்_இஃப்புக்குள் ‘டைப்’ என்ற பெயரில் டைப் இல்லை என்று ஒரு வரி. “அண்ணே, எந்த டைப் இல்லைங்குது?” என்றான். எனக்கே சிரிப்பு. கான்செப்ட்டுக்கு மாற்றியபின் அதே தவற்றை வேண்டுமென்றே செய்து காட்டினேன். நிபந்தனை நிறைவேறவில்லை, டி (டெம்ப்ளேட்டுக்கு வந்த டைப்) என்பது டபுள், ஈஸ்_இன்டெக்ரல் (முழு எண் வகையா என்ற சோதனை) பொய் என்று எங்கள் கம்பைலரான ஜிசிசி நேராகச் சொன்னது. தம்பி யாரையும் கேட்கவில்லை.

இன்னொரு தொல்லை. முழு எண்ணுக்கு ஒன்று, தசமத்துக்கு ஒன்று என இரண்டு ஃபங்ஷன் எழுதி, எனேபிள்_இஃப்பை டெம்ப்ளேட்டின் இயல்பு (டிஃபால்ட்) அளபுருவாக வைத்தால், இரண்டும் ஒன்றே என்று கம்பைலர் மறுக்கும். தப்பிக்க வழி உண்டு; ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்குத்தான் தலைவலி. கான்செப்ட் நிபந்தனையை ரிக்வயர்ஸ் என்ற சொல்லால் எழுதினால் அந்தச் சிக்கலே இல்லை.

ஆனால் கான்செப்ட் மந்திரக்கோல் இல்லை. பூல் (ட்ரூ, ஃபால்ஸ்), கேர் (எழுத்து) இரண்டும் இன்டெக்ரல், அதாவது முழு எண், வகைதான். முன்பு ஒரு ட்ரூ, 1 காசாகக் கூட்டப்பட்டு, அரை நாள் தேடினோம். இப்போது பூலை விலக்கி ‘காசு’ என்று சொந்தக் கான்செப்ட் ஒன்று வைத்திருக்கிறேன், ஒரே இடத்தில்.

நான் சொல்வதெல்லாம் ஜிசிசியில் பட்டது, அதுவும் சிறிய நூலகத்தில். ஒரு வாடிக்கையாளரின் கம்பைலர் சி++17ஓடு நிற்கிறது. அவருக்கான நிரல் பதிப்பில் எனேபிள்_இஃப்பைத் தொடவில்லை.

மாற்றுகிறவர்கள் ரெஃபரன்ஸை, அதாவது மாறிக்கு வைக்கும் மறுபெயரை, கவனியுங்கள். டி&& வாங்கும் ஃபங்ஷனுக்கு இன்ட் மாறியை அனுப்பினால் டி என்பது இன்ட்& ஆகிவிடும்; அது இன்டெக்ரல் இல்லை. பழைய முறையிலும் இதே கதைதான். ரெஃபரன்ஸைக் கழற்றும் ரிமூவ்_சிவிரெஃப் போட்டுச் சோதித்தால் சரியாகிவிடும்.