முட்டி மடங்காதவர்களுக்கு எந்த யோகா? சில வருட அனுபவம்

எனக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். சம்மணம் போட வராது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். யோகா செய்யலாம் என்ற டாக்டர், எந்த யோகா என்று சொல்லவில்லை. முதலில் சேர்ந்த வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வஜ்ராசனம், அதாவது முட்டியை மடக்கிக் குதிகால் மேல் உட்காருவது. "போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். சரியாகவில்லை, நின்றுவிட்டேன்.

அப்புறம் மனவளக்கலை மன்றம். வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சி, கால் பயிற்சி, கண் பயிற்சி, மகராசனம், கடைசியில் உடல் தளர்த்துதல் என்று ஒன்பது பகுதிகள். கைப்பயிற்சி நின்றபடியே என்பதால் சுலபம். தோள்பட்டை இறுக்கம் விட்டது இதில்தான். ஆனால் கால் பயிற்சிக்குத் தரையில் அமர வேண்டும். அதை வீட்டுக் கட்டிலில் காலை நீட்டிச் செய்கிறேன். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதால் அதில் வரும் கபாலபதியை, அதாவது மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சியை, விட்டுவிட்டேன்.

தினமும் தவறாமல் நடப்பது நாற்காலி யோகாதான். கால்விரல் மடக்குவது, கணுக்காலைச் சுழற்றுவது, முட்டியை நீட்டி மடக்குவது என்று போகும். பீகார் முங்கேர் யோகப் பள்ளியின், மூட்டுகளைத் தளர்த்தும் பவனமுக்தாசன வரிசையும் கால்விரலில்தான் தொடங்கும். அதில் பாதி நாற்காலிக்கே ஒத்துவரும். கையைத் தூக்கும்போது மூச்சை இழுத்து, இறக்கும்போது விடுவேன். ஆசனத்தில் அப்படியே நிற்காமல் மூச்சோடு போய்வருவது யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் வழி. அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய யோக மந்திரம் அதைத்தான் ஆளுக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லித் தருகிறது. என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் சரி என்பேன். ஒரே நிலையில் நாலைந்து நிமிடம் இருக்கச் சொல்லும் யின் யோகா எனக்கு ஒத்துவரவில்லை. வெளியே வரும்போது முட்டி பிடித்துக்கொள்கிறது.

நாற்காலி விஷயத்தில் கவனம். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். கீழே ரப்பர் பாய் விரித்து, முதுகுப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி வேண்டவே வேண்டாம். பாதம் தரையில் முழுதாகப் படியாதவர்கள் கீழே ஒரு பலகை வைத்துக்கொள்ளலாம்.

பலன்? தேய்மானம் தேய்மானம்தான், எக்ஸ்ரேயில் ஒன்றும் மாறவில்லை. காலையில் எழுந்ததும் இருந்த விறைப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறுவதில் பயமில்லை. இறங்கும்போது இன்னமும் கைப்பிடி வேண்டும். ஊரில் நாலு நாள் தங்கி இதை விட்டால் விறைப்பு திரும்பிவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே கணுக்காலைச் சுழற்ற ஆரம்பித்துவிடுகிறேன்.