பளபளப்பை நம்பி வாங்கிய கார்பன் எஃகுக் கத்தி: ஓர் எச்சரிக்கை

கார்பன் எஃகுக் கத்தியை முதல் முறையாக வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஏமாந்த இடத்தில் இன்னொருவர் ஏமாறக் கூடாது.

ஒரே கத்தி இரண்டு விதமாக விற்பனைக்கு இருந்தது. ஒன்று சாட்டின்: அலகில் ஒரே திசையில் ஓடும் நுண்கோடுகள், அடங்கிய வெள்ளி நிறம். மற்றது கண்ணாடி மெருகு: முகம் பார்க்கலாம். அளவும் பிடியும் ஒன்றே. இரண்டிலும் 1095 என்ற எஃகு வகையே பொறிக்கப்பட்டிருந்தது. நான் சாட்டினைத்தான் கையில் எடுத்தேன். விற்றவர் தடுத்தார். “அதைத் தினமும் துடைத்து எண்ணெய் போட வேண்டும். மெருகு போட்டதில் துரு ஏறவே ஏறாது. கழுவி அப்படியே வைத்துவிடலாம்” என்றார். கூடுதல் விலை கொடுத்து மெருகு போட்டதை வாங்கி வந்தேன்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை கலந்திருந்தது. அதனால்தான் நம்பினேன். சாட்டினின் நுண்கோடுகளில் ஈரம் தங்கும். வழவழப்பான மேற்பரப்பில் அவ்வளவு தங்காது. ஆகவே நன்றாக மெருகேற்றிய அலகில் துரு சற்றுத் தாமதமாகத்தான் வரும். ஆனால் வராமல் இருக்காது. துருவைத் தடுப்பது எஃகில் கலந்துள்ள குரோமியம். துருப்பிடிக்காத எஃகு என்று அழைக்கக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். 1095 எஃகில் சுமார் 0.95 சதவீதம் கார்பன் உண்டு; குரோமியம் இல்லை என்றே சொல்லலாம். எவ்வளவு தேய்த்தாலும் இல்லாத உலோகம் வந்து சேராது. இதை அன்று ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் போதும்.

மூன்றாவது வாரம் அலகின் நடுவே பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. துடைத்தேன், போகவில்லை. விரலுக்கு மேடு பள்ளமும் தட்டவில்லை. புள்ளிகள் எதற்கோ அடியில் இருந்தன. நகத்தால் சுரண்டினேன், கண்ணாடித் தாள் போல ஒரு மெல்லிய படலம் உரிந்து வந்தது. வார்னிஷ்! நான் கூடுதல் விலை கொடுத்த பளபளப்பில் பாதி, எஃகின் மேல் பூசிய வார்னிஷ்.

பஞ்சில் அசிட்டோன் நனைத்து முழுவதையும் துடைத்தெடுத்தேன். உள்ளே இருந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. சொரசொரப்பான உப்புத்தாள் விட்ட ஆழமான கீறல்கள் அப்படியே இருந்தன. அவற்றின் ஓரங்கள் மட்டும் மழுங்கி மின்னின. பொறித்த எழுத்துகளின் விளிம்புகள் கரைந்ததுபோல் இருந்தன.

மெருகு வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் இந்த மோசடி புரியும். உப்புத்தாளின் எண் கூடக் கூட அது விடும் கீறல் நுண்ணியதாகும். 220, 320 என்று தொடங்கி 400 அல்லது 600 எண் உப்புத்தாளில் ஒரே திசையில் தேய்த்து நிறுத்தினால் அது சாட்டின். கண்ணாடி மெருகுக்கு அங்கிருந்து 800, 1000, 1500, 2000 என்று போக வேண்டும். ஒவ்வொரு தாளிலும் திசையை மாற்றி, முந்தைய தாள் விட்ட கீறல் ஒன்றுகூட மிஞ்சாமல் எடுக்க வேண்டும். பஃபிங் சக்கரம், அதாவது மெருகுப் பசை தடவிச் சுழலும் துணிச் சக்கரம், கடைசியில்தான் வரும். அந்தச் சக்கரம் ஆழமான கீறலை அகற்றாது, ஓரத்தை மழுக்கி மினுக்கும், அவ்வளவுதான். என் கத்தியில் நடுவில் உள்ள படிகள் அத்தனையையும் தாண்டிச் சக்கரத்தில் வைத்திருக்கிறார்கள். மிஞ்சிய கீறல்களை வார்னிஷ் நிரப்பி மறைத்திருக்கிறது. நேர்மையாகச் செய்த சாட்டினில் இப்படி எதையும் ஒளிக்க முடியாது. குறுக்கே ஒரு கீறல் ஓடினாலும் கண்ணில் படும்.

இதையும் பொறுத்திருப்பேன். நுனியைத்தான் மன்னிக்க முடியவில்லை. தொடக்கத்திலிருந்தே நுனி மட்டும் கூர் நிற்காமல் மடங்கியது. என் தீட்டுதலில்தான் குறை என்று நினைத்திருந்தேன். வார்னிஷ் போன பிறகு அங்கே மங்கலான நீலச் சாயல் தெரிந்தது. இத்தகைய கத்திகளைப் பெரும்பாலும் 175 முதல் 230 டிகிரி செல்சியஸுக்குள் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். நீலம் படிகிறது என்றால் சூடு 300 டிகிரியை ஒட்டிப் போயிருக்கிறது. சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய நுனி நொடியில் அந்தச் சூட்டை எட்டிவிடும், பதம் போய் எஃகு மென்மையாகிவிடும். அரத்தை வைத்துப் பார்த்தேன்; கடினமான எஃகில் அரம் வழுக்கும், மென்மையானதில் கடிக்கும். நடு அலகில் வழுக்கியது, நுனியில் கடித்தது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “ரசாயனம் போட்டுத் துடைத்துப் பூச்சைக் கெடுத்தது நீங்கள்தான்” என்றார் அதே மனிதர். பூச்சு இருப்பதாக விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்டேன். பதில் இல்லை, பணமும் இல்லை. போக்குவரத்தில் துருப்பிடிக்காமலிருக்க மெல்லிய பூச்சு பூசும் நல்ல தயாரிப்பாளர்களும் உண்டு. ஆனால் பயன்படுத்துவதற்கு முன் அதை நீக்கச் சொல்லிவிடுவார்கள். இவர் அதையே மெருகு என்று விற்றார்.

நீங்கள் கடையில் நிற்கும்போது அலகை விளக்குக்குக் கீழே சாய்த்து, ஒரு நேர்கோட்டின் பிம்பத்தை அதில் பாருங்கள். குழல் விளக்கே போதும். கோடு நெளிந்தால் மேற்பரப்பு மட்டமாக இல்லை. பொறித்த எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்த எண் தாள் வரை கையால் தேய்த்தார்கள், மேலே பூச்சு உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கத்தியை வைத்துவிடுங்கள்.

நல்ல மெருகை நான் குறை சொல்லவில்லை. பொறுமையாகச் செய்த கண்ணாடி மெருகு பார்க்கப் பேரழகு. ஆனால் தினமும் புழங்கும் கத்தியில் முதல் கீறலே அதன் அழகைக் குலைத்துவிடும், அதைத் தனியாக எடுக்கவும் முடியாது. சாட்டினில் கோட்டின் திசையிலேயே இரண்டு தேய்ப்பு தேய்த்தால் கீறல் கலந்துவிடும். பயன்படுத்தப் பயன்படுத்தச் சாம்பல் படலமும் படியும். அது செந்துரு பரவுவதை ஓரளவு தடுக்கும். என் தேர்வு இனி எப்போதும் சாட்டின்தான்.

அந்தக் கத்தியை நான் தூக்கி எறியவில்லை. மென்மையான நுனியைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கல்லில் தேய்த்தேன். அரம் வழுக்கும் இடம் வருவதற்குள் எட்டு மில்லிமீட்டர் போனது. அலகை ஒரு மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் 220 முதல் 600 வரை நானே தேய்த்துச் சாட்டினாக்கினேன். நான்கு மாலைகள் ஆயின. இப்போது கூர் நிற்கிறது. கழுவியதும் துடைத்து எண்ணெய் போடுகிறேன்.

இதே போன்ற பளபளக்கும் கத்தி உங்களிடம் இருந்தால், முதுகை ஒட்டிய ஒரு சிறு இடத்தில் இன்றே அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை.