விரல் போகும் இடம்: லாஞ்சருடன் ஏழு ஆண்டுகள்

காலை எட்டு மணிக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஏறும் புதுச்சேரி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், அன்று ஏதோ அரசு விடுமுறை என்று பொருள். மற்ற நாள்களில் ஆல்பேட்டையைத் தாண்டுவதற்குள் படிக்கட்டு வரை ஆள் நிற்கும். இடது கை மேல்கம்பியில். தோளில் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா. மிச்சம் இருப்பது வலது கை; அதிலும் நான்கு விரல் கைப்பேசியைத் தாங்கப் போய்விட்டால், வேலை செய்யக் கிடைப்பது கட்டைவிரல் ஒன்றுதான். நான் 2019 முதல் வெளி லாஞ்சர் பயன்படுத்துவதற்கு அந்தக் கட்டைவிரல்தான் காரணம். அழகு, நிறம், ஐகான் வடிவம் எல்லாம் நடுவில் வந்து நடுவிலேயே போய்விட்டன.

லாஞ்சர் என்றால் என்ன என்று அலுவலகத்தில் இன்னமும் கேட்கிறார்கள். ஹோம் பட்டனை அழுத்தியதும் வந்து நிற்கிறதே, அந்த முகப்புத் திரையே ஒரு செயலிதான். கைப்பேசி வாங்கும்போது நிறுவனம் தன்னுடையதைப் போட்டுக் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டில் அதற்குப் பதில் வேறொன்றைப் போட்டு, அமைப்புகளில் அதையே இயல்பு முகப்பாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பழையது அழிந்துவிடாது, பின்னால் உட்கார்ந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் ஒரே நிமிடத்தில் திரும்பிப் போகலாம். ஐபோன்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

என் முதல் கைப்பேசியின் சொந்த முகப்பு எப்படி இருந்தது என்றால், இடப்பக்கம் தள்ளினால் கடன் விளம்பரம், ஃபோல்டரைத் திறந்தால் ‘உங்களுக்காகப் பரிந்துரை’ என்று நான் கேட்காத நான்கு விளையாட்டுகள். காசு கொடுத்து வாங்கிய பொருளின் திண்ணையில் வேறு யாரோ கடை போட்டிருந்தார்கள். புதுச்சேரி மிஷன் வீதியில் நான் கணக்கு எழுதும் கடையில், பில் போடும் தம்பி ஒருவர்தான் நோவா லாஞ்சரை நிறுவிக் கொடுத்தார். கெவின் பேரி என்பவர் 2011இல் தொடங்கிய செயலி அது. பிறகு ஒரு தள்ளுபடி நாளில், டீயும் வடையும் வாங்கும் காசில் பிரைம் என்ற அதன் கட்டணப் பதிப்புக்கு மாறினேன். சொந்தக் காசில் நான் வாங்கிய முதல் செயலி அதுதான்.

எல்லாரையும் போல முதல் இரண்டு மாதம் நானும் ஆடித் தீர்த்தேன். மூன்று ஐகான் பேக், இரண்டு கடிகாரம், வானிலை, நாள்காட்டி, எண்ணிக்கொண்டே இருக்கும் நடைக் கணக்கு என்று திரையிலேயே தகவல் காட்டும் விட்ஜெட் பெட்டிகள். திரை கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

உருப்படியான வேலை தொடங்கியது பஸ்ஸில்தான். ஆறரை அங்குலத் திரையில், ஒற்றைக் கையால் பிடித்திருக்கும்போது, மேல்பாதி நமக்குச் சொந்தமே கிடையாது. அங்கே ஐகான் வைத்தால் ஒவ்வொரு முறையும் கைப்பேசியை உள்ளங்கையில் நகர்த்த வேண்டும். ரெட்டிச்சாவடி தாண்டி வரும் ஒரு பள்ளத்தில் அது கீழே விழும். விழுந்திருக்கிறது. ஆகவே ஐந்து நெடுவரிசை, ஏழு கிடைவரிசை என்று கட்டத்தை மாற்றி, மேல் நான்கு வரிசையையும் காலியாக விட்டேன். அடுத்துத் தெரிந்தது யாரும் சொல்லாத விஷயம். வலது கைக்காரருக்கு வலது கீழ்மூலை மிக அருகில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அங்கே போகக் கட்டைவிரலை மடக்க வேண்டும், வலிக்கும். விரல் தானாகப் போய் விழும் இடம், அந்த மூலையிலிருந்து சற்று மேலே இடப்பக்கம் வளைந்து செல்லும் ஒரு கோடு. கொத்தனார் கையை ஊன்றிச் சுவரில் மட்டப்பலகையால் இழுக்கும் வளைவு போல. நோவாவில் ஐகானைக் கட்டத்துக்குள் அடைக்காமல் அரைக் கட்டம் தள்ளி வைக்க முடியும். அந்த வளைவின் மீதே ஐந்து ஐகான்களை வைத்தேன். பார்ப்பவர்களுக்குக் கோணலாகத் தெரியும். பில் போடும் தம்பி பார்த்துவிட்டு, “அக்கா, கை தவறி நகர்ந்துவிட்டது போலிருக்கிறது, சரி செய்யட்டுமா?” என்று கேட்டார்.

அந்த ஐந்தில் முதல் இடம் ஸ்கேனுக்கு. பணம் அனுப்பும் செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்தால் ஒரு சிறு பட்டியல் வரும். அதில் கியூஆர் ஸ்கேன் என்பதை மட்டும் இழுத்து வந்து திரையில் தனி ஐகானாக வைத்துக்கொள்ளலாம். இது லாஞ்சரின் வித்தையே கிடையாது; 7.1 பதிப்பு முதல் ஆண்ட்ராய்டே தரும் வசதி. பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. பாடலீஸ்வரர் கோயில் சன்னதித் தெருவில் வெள்ளிக்கிழமை பூ வாங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். முன்பெல்லாம் செயலியைத் தேடி, அது திறந்து, கேஷ்பேக் அறிவிப்பை மூடி, ஸ்கேனை அழுத்துவதற்குள் பின்னால் இரண்டு பேர் நிற்பார்கள். இப்போது பூக்கார அம்மா முழம் போட்டு இலையில் சுற்றி நூல் கட்டுவதற்குள் அவருடைய ஒலிபெட்டி தொகையைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, தொலைபேசி ஐகான். தட்டினால் எண் பலகை. அதே ஐகானை மேல்நோக்கி இழுத்தால் நேரே அம்மாவுக்கு அழைப்பு. ஒரே ஐகானில் இரண்டு வேலை. நோவா பிரைமில் இருப்பதிலேயே நான் அதிகம் பயன்படுத்தியது இதைத்தான்.

வெற்றிடத்தை இருமுறை தட்டினால் திரை அணையும் வசதியும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்கு அணுகல்தன்மை அனுமதி கேட்கும். கொடுத்தேன். மாதக் கடைசியில் தவணை கட்டப் போனால், என் வங்கிச் செயலி ‘பாதுகாப்பற்ற செயலி இயங்குகிறது’ என்று சொல்லித் திறக்கவே மறுத்துவிட்டது. வங்கி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த அனுமதி பெற்ற செயலியால் திரையில் இருப்பதைப் படிக்க முடியும், நமக்குப் பதிலாகத் தொடவும் முடியும். மோசடிச் செயலிகள் நுழையும் வழியும் அதுதான். அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் திரை அணையாதா என்ன?

இன்னொரு சங்கடமும் உண்டு. சமீபத்தில் திறந்த செயலிகளைக் காட்டும் திரை, ஆண்ட்ராய்டு 9 முதல் கைப்பேசியின் சொந்த லாஞ்சரோடு பின்னிக்கிடக்கிறது. வெளி லாஞ்சரால் அதை மாற்ற முடியாது. விளிம்பிலிருந்து இழுத்துச் செல்லும் முறையில் முகப்புக்குத் திரும்பும்போது சில கைப்பேசிகளில் ஒரு தடுமாற்றம் தெரியும். என் இரண்டாவது கைப்பேசியில், வெளி லாஞ்சர் போட்டால் அந்த முறையே வேலை செய்யாது, கீழே மூன்று பட்டன்தான். போதாக்குறைக்கு, பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இயல்பு முகப்பைத் தன்னுடையதாக மாற்றி வைத்துவிடும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி, கேட்டால் பதிலும் வராது.

பேட்டரி தின்னுமா என்று கேட்பவர்களுக்கு: நான் வித்தியாசம் எதையும் காணவில்லை. ஓயாமல் மாறும் விட்ஜெட்தான் தின்னும்.

சரி, மூன்று கைப்பேசி மாறியும் ஒரே திரை எப்படி? பேக்கப். ஐகான் இருக்கும் இடம், கட்டம், சைகை எல்லாம் சேர்த்து நோவா ஒரே கோப்பாக எழுதித் தரும். புதுக் கைப்பேசியில் அதைக் கொடுத்தால் அதே முகப்பு எழுந்து நிற்கும். விட்ஜெட்டை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டி மீண்டும் அமைக்க வேண்டும். கைப்பேசி புதிது, எடை புதிது, கண்ணாடியின் வழவழப்பு புதிது. விரலுக்கு மட்டும் எதுவும் தெரியாது. அது பழைய வளைவில் போய் அம்மாவை அழைக்கும். வெளி லாஞ்சருக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் முழுவதும் இதற்குத்தான். தனிப்பயனாக்கம் என்று பேசுபவர்கள் வால்பேப்பரைக் காட்டுகிறார்கள். கைப்பழக்கம் ஒன்று சேர ஓராண்டு ஆகிறது. அதைக் கைப்பேசி நிறுவனத்தின் தயவில் விட்டுவைக்கக் கூடாது என்பதே என் பேச்சு.

இவ்வளவு தெரிந்த நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. ரெயின்போ நகரில் அக்கா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நான் அங்கேதான் இருந்தேன். கிரைண்டரைக் கட்டில்மேல் ஏற்றும்போது இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி நழுவியது. அரிசிக்குள் வைத்துப் பார்த்தோம், அரிசிதான் கெட்டது. பேக்கப் கோப்பு எங்கே இருந்தது என்றால், அந்தக் கைப்பேசிக்குள்ளேயே. சாவியை உள்ளே வைத்துக் கதவை இழுத்துச் சாத்திய கதை.

மின்னஞ்சலைத் துழாவியபோது 2022இல் எனக்கு நானே அனுப்பிய ஒரு பழைய கோப்பு கிடைத்தது. அதைப் போட்டேன். இல்லாத செயலிகள் எல்லாம் நிறமிழந்த ஐகான்களாக வரிசையில் நின்றன: பாதியில் விட்ட பிரெஞ்சு வகுப்பு, மூடிவிட்ட சீட்டுக் குழுவின் குறுக்குவழி, அந்த நடைக் கணக்கு. ஒவ்வொன்றாக இழுத்து மேலே கொண்டுபோய் நீக்கினேன். வளைவு மட்டும் அப்படியே இருந்தது. இப்போது மாதம் ஒருமுறை கோப்பை மின்னஞ்சலுக்கும் இணையச் சேமிப்புக்கும் அனுப்புகிறேன்.

நோவாவின் கதை அதற்குள் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 2022இல் பிராஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது. 2024இல் ஆட்குறைப்புக்குப் பின் மிஞ்சியவர் தொடங்கியவர் ஒருவரே. 2025 செப்டம்பரில் அவரும் விலகினார். செயலி எழுதப்பட்ட மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தப் பொதுவில் வைக்கும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றும் எழுதினார். 2026 தொடக்கத்தில் சுவீடனின் இன்ஸ்டாபிரிட்ஜ் கைக்கு அது மாறியது. என் கைப்பேசியில் இதனால் எதுவும் பழுதாகவில்லை. ஆனால் வீட்டு உரிமையாளர் இரண்டு முறை மாறினால் குடியிருப்பவர் மாற்று வீடு பார்த்து வைப்பார் அல்லவா?

பார்த்தேன். நயாகரா, செயலிகளைப் பட்டியலாக வைத்து ஓரத்தில் எழுத்து வரிசையை விரலுக்குக் கொடுக்கிறது. ஒற்றைக் கைக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இல்லை. என் விரலோ எழுத்தை நினைப்பதில்லை, இடத்தைத்தான் நினைக்கிறது. கிஸ் லாஞ்சர் தேடலை நம்பியது, மிகச் சிறியது, பழைய கைப்பேசிக்கு நல்லது. கடைசியில் லான்சேரில் நின்றேன். ஆண்ட்ராய்டின் சொந்த லாஞ்சர் நிரலை அடிப்படையாகக் கொண்டது, மூலநிரல் திறந்தது. ஒருவர் விட்டுப் போனாலும் இன்னொருவர் எடுக்கலாம். நோவாவின் பேக்கப் கோப்பு லான்சேரில் எனக்கு உதவவில்லை என்பதால், பழைய திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மதியம் முழுக்கக் கையால் அடுக்கினேன். இரண்டு வாரம் விரல் தடுக்கியது.

தமிழில் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொழியைத் தமிழுக்கு மாற்றினால் செயலிகளில் பாதி தமிழ்ப் பெயருக்கு மாறும், பாதி ஆங்கிலத்திலேயே நிற்கும். செயலிப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் ஒரு பக்கம், ஆங்கிலப் பெயர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். தவிர, நம் சொற்கள் நீளம். ‘புகைப்படங்கள்’ என்பது ‘புகைப்ப…’ என்று நிற்கும். பெயரைத் திருத்தும் வசதி உள்ள லாஞ்சரைத் தேர்ந்தெடுத்து, ‘படம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த வசதியை முழுமையாக அனுபவிப்பவர் அம்மா. கடலூர் முதுநகரில் தனியாக இருக்கிறார், வயது எழுபத்தொன்று. அவர் கைப்பேசியில் நோவாவைப் போட்டு, மூன்றுக்கு மூன்று கட்டமாக ஒன்பதே ஐகான் வைத்தேன். ‘பெரியவள்’, ‘சின்னவள்’, ‘சித்தி’, ‘காஸ்’, ‘பாட்டு’, ‘படம்’ என்று பெயர். ஆள்களுக்கு முகப்படம். ஒரு வாரம் கழித்து அவசரமாக அழைத்தார்.

“ஏண்டி, உன் சித்தியைக் காணோம்.”

“அழுத்திப் பிடித்து இழுத்திருப்பீர்கள் அம்மா. நீக்கியிருப்பீர்கள்.”

“நான் எதையும் நீக்கவில்லை. அவளேதான் போயிருக்கிறாள். அவள் குணம் அப்படித்தான்.”

சனிக்கிழமை போய்ச் சித்தியைத் திரும்ப வைத்து, ஐகான்கள் நகராதபடி முகப்பைப் பூட்டும் அமைப்பை இயக்கிவிட்டு வந்தேன். அதன் பிறகு யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை. போன மாதம், அவர் கைப்பேசிக்கும் லான்சேரைப் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்தேன். பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். “இதில் எனக்கு எல்லாம் இருக்கும் இடம் தெரியும். உன் போனில் போய்ப் போட்டுக்கொள்” என்றார். பேக்கப் மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது, அதுவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க.