ஈஸ்ட்போர்னா, சாலிஸ்பரியா, எக்ஸெட்டரா? முன்கூட்டியே ஓய்வு பெறுபவர் குடிபோக ஏற்ற ஊர்

அறுபத்தாறில் ஓய்வு பெற்று ஊர் மாறுவது ஒரு கணக்கு, ஐம்பத்தேழிலேயே வேலையை விட்டுவிட்டு மாறுவது வேறு கணக்கு. இங்கிலாந்தில் அரசு ஓய்வூதிய வயது 66 ஆக இருந்தது, 2026க்கும் 2028க்கும் இடையில் படிப்படியாக 67 ஆகிறது. தனியார் பென்ஷன் நிதியைத் தொட 55 வயது போதும் என்ற விதியும் 2028 ஏப்ரல் 6 முதல் 57 ஆகிவிடும். ஐம்பதுகளில் வேலையை விடுபவருக்கு அரசுப் பணம் கைக்கு வர ஏறக்குறைய பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து ஆண்டும் உடம்பு ஒத்துழைக்கும், எந்த ஊரும் நல்ல ஊராகத் தெரியும். அதற்குப் பின் வரும் இருபது ஆண்டும் அதே வீட்டில்தான் கழியப் போகிறது என்பதை வீடு பார்க்கும்போது யாரும் நினைப்பதில்லை.

அதனால் ஊர்களை ஒரே கேள்வியை வைத்து எடை போடுகிறேன். கார் ஓட்ட முடியாத காலத்தில், தம்பதியில் ஒருவர் மட்டும் மிஞ்சிய காலத்தில், இங்கே வாழ முடியுமா? நான் மனத்தில் வைத்திருப்பது லண்டனில் பல ஆண்டு உழைத்த நம்மவர் குடும்பம். பிள்ளைகள் லண்டனிலேயே இருக்கிறார்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வயதான அம்மாவோ அப்பாவோ இருக்கிறார், திடீரென்று ஓட வேண்டியிருக்கும்.

முதலில் லண்டனை விட்டால் என்ன போகிறது என்று பார்த்துவிடலாம். லண்டன்வாசிக்கு 60 வயதானதும் பேருந்தும் டியூப்பும் பெரும்பாலும் இலவசம். இங்கிலாந்தின் மற்ற இடங்களில் இலவசப் பேருந்து அட்டை அரசு ஓய்வூதிய வயதில்தான் கிடைக்கும், அதுவும் வார நாளில் பொதுவாகக் காலை 9.30க்குப் பிறகு. 58 வயதில் கிளம்புகிறவர் ஆறேழு ஆண்டு இலவசப் பயணத்தை விட்டுக்கொடுக்கிறார். கவுன்சில் வரியிலும் அதிர்ச்சி உண்டு. லண்டன் வான்ட்ஸ்வொர்த்தில் பேண்ட் டி (இந்த வரிக்காக வீடுகளைப் பிரித்த மதிப்புப் பிரிவுகளில் ஒன்று) வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பவுண்டு கட்டியவர், தென்கரை ஊர்களில் அதே பேண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேலே கட்ட வேண்டும். 4 லட்சம் பவுண்டு வீட்டுக்கு முத்திரை வரி 10,000 பவுண்டு. இடம் பிடிக்காமல் இன்னொரு முறை மாறினால் அதையும் இன்னொரு முறை கட்ட வேண்டும்.

தென்கரைக்கு எதிரே இருக்கும், எல்லாரும் ஆசைப்படும் வைட் தீவை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அழகில் குறையே இல்லை, வெண்ட்னர் பக்கம் குளிர்காலமும் மிதமானது, வீட்டு விலையும் எதிர்க்கரையைவிட இதமானது. ஆனால் பாலம் கிடையாது, சுரங்கமும் கிடையாது. படகுகளை ஓட்டுவது தனியார் நிறுவனங்கள், காரோடு கடக்கும் கட்டணம் நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறும். நியூபோர்ட்டில் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை இருக்கிறது, அவசரப் பிரிவும் இருக்கிறது. ஆனால் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை என்றால் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுபத்தைந்து வயதில், வாரக்கணக்கில், தை மாதக் காற்றில் அந்தப் பயணத்தை யோசித்துப் பாருங்கள். தீவில் வேர் பிடித்தவர்களுக்கு அது பழக்கம். புதிதாகப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மிஞ்சுவது மூன்று ஊர்கள்: தென்கரையில் ஈஸ்ட்போர்ன், உள்நாட்டில் சாலிஸ்பரி, தென்மேற்கில் எக்ஸெட்டர்.

ஈஸ்ட்போர்னின் பெரிய பலம் அந்த ரயில் பாதை. லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வழியில் ஈஸ்ட் குரோய்டனிலும் கேட்விக் விமான நிலையத்திலும் நிற்கிறது. மகள் குரோய்டனில் இருந்தால் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு இருட்டுமுன் வீடு திரும்பலாம். கடற்கரையோரம் கிட்டத்தட்ட சமதளம், தள்ளுவண்டியோ ஊன்றுகோலோ இருந்தாலும் நடக்கலாம். வெயிலுக்கும் பேர் போன ஊர். 1911 ஜூலையில் இங்கே பதிவான 383.9 மணி நேர வெயில்தான் பிரிட்டனில் ஒரு மாதத்துக்கான சாதனை. மேற்கே 162 மீட்டர் உயரத்தில் பீச்சி ஹெட், அங்கிருந்து சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்கா. வெறும் முதியோர் ஊர் என்று ஒதுக்க முடியாது. 2023இல் நவீன ஓவிய, சிற்பக் கலைக்கான டர்னர் பரிசுக் கண்காட்சி இங்குள்ள டவுனர் கலைக்கூடத்தில்தான் நடந்தது.

குறை என்ன? ஊர் மையமும் மாவட்ட மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே இருந்தாலும், ஒரு பக்கம் முழுக்கக் கடல். கடற்கரை ஊரில் கடையோ மருத்துவரோ நண்பரோ நிலம் இருக்கும் பக்கத்தில் மட்டுமே கிடைப்பார்கள். சாலை நெரிசலும் அந்தப் பக்கத்தில்தான் சேரும். கற்கள் நிறைந்த கரை, மணலில் காலாற நடக்கலாம் என்று கனவு காண்பவருக்கு ஏமாற்றம். கிழக்கே பக்கத்திலிருக்கும் பெக்ஸ்ஹில் வரும் ரோதர் மாவட்டத்தில், 2021 கணக்கெடுப்பின்படி, மூன்றில் ஒருவர் அளவுக்கு 65 தாண்டியவர்கள். ஐம்பத்தேழு வயதுக்காரர் அங்கே எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இளையவராக இருப்பார். அது சிலருக்கு இதம், சிலருக்குப் பாரம். இந்தக் கரையில் முதியோருக்கென்றே கட்டிய ஃபிளாட்டுகள் நிறைய விற்பனைக்கு வரும். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். பலவற்றில் 60 வயதுக்குக் குறைந்தவர் குடியேற முடியாது, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் ஏறும், பிள்ளைகள் பின்னால் விற்கப் படாதபாடு படுவார்கள்.

சாலிஸ்பரிக்குக் கடல் இல்லை. அதனாலேயே பலர் பட்டியலில் சேர்ப்பதில்லை, அது தவறான கழிப்பு என்பது என் உறுதியான எண்ணம். நகரம் சமதளத்தில், கைக்கடக்கமாக இருக்கிறது. செவ்வாயும் சனியும் சந்தை. 123 மீட்டர் உயரக் கோபுரம் கொண்ட பேராலயம் எங்கிருந்து பார்த்தாலும் திசை காட்டும், பிரிட்டனிலேயே உயர்ந்த தேவாலயக் கோபுரம் அதுதான். ஹார்ன்ஹம் பக்கம் புல்வெளிகளுக்கு நடுவே போகும் பாதையில் மாலை நடை போக காரே வேண்டாம். லண்டன் வாட்டர்லூவுக்கு நேரடி ரயில், ஒன்றரை மணி நேரம். அதே பாதையில் வோக்கிங்கில் இறங்கி ஹீத்ரோ பேருந்து பிடிக்கலாம். இன்னொரு பாதை சவுத்தாம்டனுக்கும் பாத், பிரிஸ்டலுக்கும் போகிறது. கடல் வேண்டுமென்றால் எக்ஸ் 3 பேருந்து போர்ன்மத்தில் கொண்டுவிடும். அங்கே நல்ல மணல் கரை.

மருத்துவமனை ஊருக்குத் தெற்கே ஓட்ஸ்டாக்கில், மேட்டின் மேல். நடந்து போக முடியாது, பேருந்து போகிறது. தீக்காயத்துக்கும் முதுகுத்தண்டு காயத்துக்கும் தனிப் பிரிவுகள் உள்ள இடம், இவ்வளவு சிறிய ஊருக்கு அது பெரிய கொடுப்பினை. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஊருக்குள் ஏவன் உட்படப் பல ஆறுகள் கூடுகின்றன, மழைக்காலத்தில் வெள்ள எச்சரிக்கை வரும். வீட்டின் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து அரசின் வெள்ள அபாய இணையப் பக்கத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. இன்னொன்று, ஊருக்கு வடக்கே உள்ள சாலிஸ்பரி சமவெளியில் ராணுவம் பயிற்சி செய்யும் நாட்களில் பீரங்கிச் சத்தம் ஊர்வரை கேட்கும்.

இதே தரத்தில் வின்செஸ்டர் வேண்டும் என்பவர்கள் உண்டு. லண்டனுக்கு ஒரு மணி நேரம்தான். ஆனால் வீட்டு விலையில் லண்டனை விட்டு வந்த லாபமே கரைந்துவிடும்.

எக்ஸெட்டர் மூன்றிலும் முழுமையான நகரம். பல்கலைக்கழகம் இருக்கிறது, 2003 முதல் வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் இருக்கிறது, பெரிய மருத்துவமனை இருக்கிறது. இளைஞர்கள் நடமாடுவதால் ஊர் உயிரோடு இருக்கும். வாரம் ஒருநாள் பாடம் நடத்தவோ ஆலோசனை வேலை பார்க்கவோ விரும்பும் ஐம்பதுகளின் ஓய்வுக்காரருக்கு வாய்ப்பும் கிடைக்கும். எக்ஸ்மத் கடற்கரைக்கு ஆற்று முகத்துவாரத்தை ஒட்டியே போகும் சின்ன ரயில், தென்மேற்கே டார்ட்மூர் மேட்டுநிலம். பக்கத்து சிட்மத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அதன் ரயில் பாதை 1967இலேயே மூடப்பட்டது, கார் நின்றால் பேருந்தை நம்பித்தான் இருக்க வேண்டும். சிட்மத் போக ஆசைப்படுபவர் எக்ஸெட்டரில் குடியிருந்துகொண்டு சிட்மத்துக்குப் போய்வரட்டும்.

எக்ஸெட்டரின் பிரச்சினை தூரம். லண்டன் பேடிங்டனுக்கு வேகமான ரயிலிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல், முன்பதிவு இல்லாவிட்டால் கட்டணம் கடிக்கும். ஆகஸ்டில் ஈலிங் கனக துர்க்கை அம்மன் தேருக்கு வந்தால் இரவு யார் வீட்டிலாவது தங்க வேண்டும். நள்ளிரவில் ஊரிலிருந்து போன் வந்தால் ஹீத்ரோ போய்ச் சேரவே அரை நாள் ஆகிவிடலாம். ஊரும் மேடு பள்ளம். செயின்ட் டேவிட்ஸ் நிலையத்திலிருந்து மையத்துக்கு ஏறும் சரிவு ஐம்பத்தேழில் உடற்பயிற்சி, எண்பதில் தடை.

என் வரிசை இதுதான். பிள்ளைகள் தெற்கு லண்டனில் இருந்தால், பேரப்பிள்ளைகளை வாரா வாரம் பார்க்க வேண்டுமென்றால் ஈஸ்ட்போர்ன், அதிலும் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில். பிள்ளைகள் எங்கோ வெளிநாட்டில், லண்டனோடு ஒட்டு குறைவு என்றால் எக்ஸெட்டர். இரண்டும் இல்லாத பெரும்பாலானவர்களுக்குச் சாலிஸ்பரி, ஹார்ன்ஹம் பக்கமோ நிலையத்தின் பக்கமோ, ஆற்றுக்குச் சற்று மேலே.

எதுவாயினும் லண்டன் வீட்டை விற்குமுன் நவம்பர் முதல் மார்ச் வரை அந்த ஊரில் வாடகைக்கு இருங்கள், முடிந்தால் காரை லண்டனிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அங்கே ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் புது நோயாளியைச் சேர்க்கிறார்களா, அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் பல் மருத்துவர் இருக்கிறாரா என்று நேரில் கேளுங்கள். வேலையை விடுமுன் தேசியக் காப்பீட்டுப் பதிவில் முழு ஓய்வூதியத்துக்கு வேண்டிய 35 ஆண்டு நிறைந்ததா என்றும் பார்த்துவிடுங்கள். குறைந்தால் விருப்பப் பங்களிப்பாகக் கட்டி நிரப்பலாம், அந்தத் தொகையை வீட்டு பட்ஜெட்டுக்கு முன்பே ஒதுக்கி வைக்க வேண்டும்.