தட்சிணசித்ராவா, செட்டிநாடா? அம்மாவைக் கூட்டிப் போய்ப் பார்த்ததில் தெரிந்தது

அம்மா வளர்ந்தது திண்ணையும் முற்றமும் உள்ள ஓட்டு வீட்டில். அந்த வீடு இப்போது இல்லை. "அந்த மாதிரி ஒரு வீட்டுல ஒரு பகல் உட்கார்ந்துட்டு வரணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சரி என்று புரட்டாசியில் செட்டிநாட்டுக் காரைக்குடிப் பக்கமும், தை மாதத்தில் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ராவுக்கும் கூட்டிப் போனேன்.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து காரைக்குடி 400 கிலோமீட்டர், ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். முட்டுக்காடு கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான், சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். சாப்பாட்டில் காரைக்குடிதான், வெள்ளைப் பணியாரத்துக்கு முன்னால் பேச்சே இல்லை. பிரம்மாண்டத்திலும் அப்படியே. காரைக்குடிக்குப் பக்கத்துக் கானாடுகாத்தானில் தெரு முழுக்க மாளிகைகள், பர்மா தேக்குத் தூண்கள். அத்தனையும் அந்தந்த மண்ணிலேயே நிற்பதைப் பார்க்க நெஞ்சு நிறைகிறது.

ஆனால் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. என் முடிவு இந்த ஒரு விஷயத்தில்தான் நின்றது. ஒரு வீட்டில் காவலுக்கு இருந்தவர் சாவியோடு வர முக்கால் மணி நேரம், வந்தும் முகப்போடு சரி. உள்ளே ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும். இன்றைக்குக் கொள்ளுப்பேரன் வரை பங்கு இருக்கிறது, ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், மரத்துக்கு எண்ணெய் போட வேண்டும். யார் காசு போடுவது? அவர்களைக் குறை சொல்லவே முடியாது. அப்படி முடியாமல் போன வீடுகளின் கதவும் தூணும் மரப்பெட்டியும்தான் காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. அங்கே ஒரு பித்தளைக் குத்துவிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

தட்சிணசித்ராவில் இருப்பதிலும் பல, இடிக்கப்போகும் நிலையில் இருந்த வீடுகள்தான். டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் பல வீடுகளை மரமும் கல்லும் ஓடுமாகப் பிரித்து எடுத்துவந்து, கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் போட்டுக் கொடுத்த அமைப்பில் மறுபடி எழுப்பி, 1996-ல் திறந்தது. செட்டிநாட்டு வீடு, அக்ரஹாரம், நெசவாளர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த 1850-ம் வருஷத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு, புயல் காற்றுக்கு ஈடு கொடுக்கிற வட்டமான ஆந்திரக் கடலோர வீடு என நான்கு மாநிலமும் நடந்துபோகிற தூரத்தில். முக்கியமாக, கதவு திறந்திருக்கிறது! பராமரிக்க ஆள் இருக்கிறார்கள், யாரிடமும் சாவி கேட்டு நிற்க வேண்டாம்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் ஏறி, தூணில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தார். உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே, "இங்கதான் எங்கப்பா கயிறு திரிப்பாரு, அந்த மூலையில தவிட்டுப் பானை" என்று ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. எனக்கு அதுவரை தெரியாத தாத்தா அவர்.

குறையும் உண்டு. அடுப்பில் புகை இல்லை, கொல்லையில் மாடு இல்லை. குயவர் சக்கரம் சுற்றினாலும் சாயங்காலம் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஊர் என்றால் ஊர் இல்லை. அப்புறம், நான் செட்டிநாடு போனது ஒரே தடவை, அதுவும் முகூர்த்தம் இல்லாத மாதத்தில். கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்து பந்தி போடும்போது போனவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். ஹோட்டலாக்கிய மாளிகைகளிலும் நான் தங்கியதில்லை. அங்கே சொந்தக்காரர் வீடு இருந்தால் யோசிக்காமல் செட்டிநாடே போங்கள்.

வயதானவர்களோடு ஒரு பகல் என்றால் நான் முட்டுக்காடுதான் சொல்வேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை சித்தியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் அம்மா. தவிட்டுப் பானை எந்த மூலையில் இருந்தது என்பதில் இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.