லேன் கேபிள், வைஃபை, மெஷ், பவர்லைன், ஹாட்ஸ்பாட்: பல வருடம் புழங்கிய பிறகு

வாங்கிய வாரத்தில் எழுதும் மதிப்புரையில் எல்லா நெட்வொர்க்கும் பிரமாதமாகத்தான் ஓடும். ஸ்பீட் டெஸ்ட் எண்ணைப் படம் பிடித்துப் போட்டால் வேலை முடிந்தது. வருடக்கணக்கில் அதோடு குடித்தனம் நடத்தும்போதுதான் வேறொரு கேள்வி எழுகிறது: இது கெட்டுப்போனால் எனக்குத் தெரியுமா? வீட்டிலும் அதை ஒட்டிய சிறு அலுவலகத்திலும் ஐந்து வகையையும் மாற்றி மாற்றிப் புழங்கிவிட்டு, இப்போது நான் தரம் பிரிப்பது இந்தக் கேள்வியை வைத்துத்தான். பான் (ஓர் ஆளைச் சுற்றி), லேன் (வீடு, அலுவலகத்துக்குள்), வான் (ஊர் தாண்டி) என்று பாடப்புத்தகம் தூரத்தை வைத்துப் பிரிக்கும். பரீட்சைக்கு அது போதும்.

கேபிளைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. லேன் கேபிளில் ஓடும் ஈதர்நெட் என்ற முறை 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் தொடங்கி வைத்த வேலை. இன்று வீடுகளில் இருக்கும் கேட் 5ஈ வகைக் கேபிளே 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் தாங்கும். என்னிடம் ரவுட்டர், ஸ்விட்ச் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி), கணினி எல்லாம் மாறிவிட்டன. சுவருக்குள் போன கேபிள் மட்டும் அப்படியே கிடக்கிறது.

கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு உடைவது சாதாரணம், பார்த்தாலே தெரியும். கண்ணில் படாத பழுது ஒன்று உண்டு. ஜிகாபிட் ஓட எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஓட நான்கு போதும். உள்ளே ஒரு கம்பி விட்டுப்போனால் பல கருவிகள் இணைப்பைத் துண்டிக்காமல் சத்தமின்றி 100-க்கு இறங்கிக்கொள்ளும். இணையத் திட்டமே அதற்குக் கீழே என்றால் மாதக்கணக்கில் யாருக்கும் உறைக்காது. பெரிய கோப்பை நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) நகலெடுக்கும்போது வேகம் நொடிக்கு 11, 12 மெகாபைட்டைத் தாண்ட மறுத்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். எட்டு பிட் ஒரு பைட்; 100-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள், கணக்கு இடிக்காது. கனெக்டரை வெட்டிப் புதிதாக ஒன்றைக் கிரிம்ப் செய்தால் (கருவியால் அழுத்திப் பொருத்தினால்) பெரும்பாலும் சரியாகிவிடும்.

செம்பு பூசிய அலுமினியக் கேபிள் பக்கம் மட்டும் போகாதீர்கள். இரண்டு தரம் வளைத்தால் முறியும். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் அனுப்புவதாக இருந்தால், மின்தடை கூடுதல் என்பதால் சூடும் ஏறும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுக்க வேண்டுமென்றால் ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபர்தான் என் தேர்வு. கண்ணாடி மின்சாரம் கடத்தாது, ஆகவே மின்னல் வெட்டினால் அந்த வழியாக ஸ்விட்ச்சுக்குச் சேதம் வராது.

வைஃபை கெட்டுப்போவதில்லை, மங்கிப்போகிறது. அதுதான் தொல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதற்குள்தான் நெரிகின்றன. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்பதால், கடைசி அறையில் தட்டுத்தடுமாறும் பழைய டேப்லெட் ஒன்று எல்லோருடைய நேரத்தையும் தின்னும். கேபிளில் ரவுட்டருக்கு பிங் அடித்தால் (சிறு தகவல் அனுப்பி, பதில் வரும் நேரத்தை அளந்தால்) 1 மில்லிசெகண்டுக்குள் நிற்கும். வைஃபையில் 3, 4 என்று வந்துகொண்டிருப்பது திடீரென்று 150-க்குத் தாவும். ஸ்பீட் டெஸ்ட் சராசரியைத்தான் காட்டும்; வீடியோ அழைப்பில் குரல் உடைவது அந்தத் தாவலில்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு நெரிசல் குறைவு, சுவர்தான் எதிரி. அதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பல நாடுகளில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருடன் பகிரப்பட்டவை. ரேடார் சிக்னல் என்று தோன்றினால் ரவுட்டர் அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும். அதே வரிசையில் வேறொன்றுக்கு மாறினால் குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசலாம். "வைஃபை பெயரே காணோம், கொஞ்ச நேரத்தில் தானாக வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் இதையும் ஒரு காரணமாகப் பாருங்கள். சேனலை 36-இல் நிறுத்திவைத்தால் பெரும்பாலும் அந்தச் சிக்கல் இல்லை.

வீடெங்கும் பல வைஃபை பெட்டிகளை வைத்து ஒரே நெட்வொர்க்காக ஓட்டும் மெஷ் பற்றி எனக்குக் கலவையான அபிப்பிராயம். பெட்டிகள் தங்களுக்குள் ஒரே அலைவரிசையில் பேசி, உங்கள் போனுக்கும் அதையே பகிர்ந்தால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு முறையும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் போன்தான். பக்கத்தில் ஒன்று இருக்க, தூரத்துப் பெட்டியை விடாமல் தொங்கும். பெட்டிகளைக் கேபிளில் இணைத்த பிறகு வேகப் புகார் ஓய்ந்தது. அதாவது மெஷ் நன்றாக ஓட வைத்ததும் கேபிள்தான்.

வீட்டு மின்கம்பி வழியாகவே நெட்வொர்க்கை அனுப்பும் பவர்லைனுக்கு இரண்டு வாக்கியம் போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சர்ஜ் பாதுகாப்பு இருந்தால் சிக்னல் வடிகட்டப்படும், மோட்டார் ஓடினால் தடுமாறும், வேறு ஃபேஸுக்குப் போனால் பல நேரம் வேலையே செய்யாது. கேபிள் இழுக்கவே வழியில்லாத வாடகை வீட்டுக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டை மாற்று ஏற்பாடாக மட்டும் வைத்திருக்கிறேன். வேகத்தில் குறையில்லை. ஆனால் பல மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பலருக்குப் பகிர்கின்றன. ஹாட்ஸ்பாட் தரும் கருவிக்கு நிறுவனத்திடமிருந்து 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான முகவரி கிடைத்தால் அதுதான் அர்த்தம்: வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவுக்கோ நாஸுக்கோ நேரடியாக நுழைய முடியாது, போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் (வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பிவிடும் அமைப்பு) பலனில்லை. பொது முகவரியுள்ள சர்வர் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வயர்கார்ட் என்ற விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) மூலம் இணைத்துச் சுற்றிவர வேண்டும்.

இப்போது நகராத பொருள்கள், அதாவது டிவி, மேசைக் கணினி, நாஸ், கேமரா எல்லாம் கேபிளில். போனும் லேப்டாப்பும் வைஃபையில். வீடு கட்டுபவர்கள் சுவர் பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கேபிள் இழுங்கள். கூரைக்கு அருகே வைஃபை பெட்டிக்காக இன்னொன்று. பைப்பை ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டு, உள்ளே இழுவைக் கயிறு ஒன்றையும் விட்டுவையுங்கள்.